மெஷினுக்கு ஒரு குரல்

பொறாமையே தனக்குக் கிடையாது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. எனக்கு உண்டு. எழுபதுகளில் செங்கல்பட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டராக இருந்தபோது, கூட வேலை செய்த ஒருத்தியின் மேல் எனக்கு வந்த பொறாமை சோறு தண்ணீர் இறங்கவிடவில்லை. அவளுடைய நிறத்தின் மேலோ புடவையின் மேலோ இல்லை. அதிலெல்லாம் நான் அவளுக்குக் குறைந்தவள் இல்லை. அவளுடைய குரலின் மேல். குரலுக்காக வயிறு எரிகிறது என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு எரிந்தேன்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளூருக்குள் பேச டயலைச் சுழற்றினால் போதும். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் எங்களைக் கூப்பிட்டு ட்ரங்க் கால் பதிய வேண்டும். எங்கள் முன்னால் இருக்கும் பலகையில் ஒரு சின்ன விளக்கு எரியும். ஒயரைச் சொருகி, நம்பரைக் கேட்டு, லைன் கிடைத்ததும் இணைத்துவிடுவோம். அச்சரப்பாக்கத்து நெல் மண்டிக்காரர், கேளம்பாக்கத்து உப்பு ஏஜெண்ட், மகாபலிபுரத்தில் கற்சிலை விற்கிறவர், மீனை லாரியில் மெட்ராசுக்கு அனுப்புகிற கமிஷன்காரர் என்று நாள் முழுக்க யாராவது காதுக்குள் வந்துகொண்டே இருப்பார்கள். ஒருவர் முகமும் எங்களுக்குத் தெரியாது. எங்கள் முகமும் அவர்களுக்குத் தெரியாது.

என் குரல் நல்ல குரல். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி என்றால் என்னைத்தான் மேடை ஏற்றுவார்கள். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுவரை கேட்கும். ழகரம் ஒரு இடத்திலும் வழுக்காது. ஏழையும் எட்டையும் நான் சொன்னால் திருப்பிக் கேட்க வேண்டிய அவசியமே யாருக்கும் வந்ததில்லை.

அவள் மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவள், என்னை அக்கா என்பாள். அலைச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய குடும்பம், வாயைத் திறந்தால் எக்ஸ்சேஞ்சே அதிரப்போகிறது என்று முதல் நாள் நினைத்தேன். அவளோ, பக்கத்தில் குழந்தை தூங்குவது போல மெதுவாகப் பேசினாள்.

"லைன் இன்னும் கெடைக்கலங்க. போட்டுகினேதான் கீறேன். கெடைச்சதும் நானே கூப்பிடறேன், சரிங்களா?"

இவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது? ஆனால் அந்தச் 'சரிங்களா'வைக் கேட்டதும் மண்டிக்காரர்கள் எல்லாம் பெட்டிப் பாம்பாக அடங்கினார்கள். கொஞ்ச நாளில் என் காதிலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

"அந்தம்மா இல்லியா?"

"எந்தம்மா?"

"அதாம்மா, மெதுவாப் பேசுமே."

அவள் எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பாள். "லீவு" என்று சொல்லிவிடுவேன்.

எங்கள் பக்கத்தில் போனை வைப்பதற்கு ஒரு முறை உண்டு. "வெச்சிடட்டுமா?" என்று கேட்பார்கள். இந்தப் பக்கம் "சரி" என்ற பிறகுதான் வைப்பார்கள். வீட்டுக்கு வந்தவர் "போய்ட்டு வரட்டுமா" என்று கேட்டுவிட்டு, நாம் சரி சொல்கிறவரை செருப்பை மாட்டாமல் நிற்பாரே, அதே வழக்கம்தான் போனுக்கும் வந்திருந்தது. எதிராளி பேசும்போதே வைப்பது முகத்தில் அடிக்கிற மாதிரி. ஆபரேட்டரிடம் அந்த மரியாதை காட்ட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் அவளிடம் ஒவ்வொருவரும் கேட்டார்கள். "வெச்சிடட்டுமாம்மா?" "சரிங்க." என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. நம்பர் சொல்வார்கள், நான் திருப்பிச் சொல்வேன், டக்கென்று வைத்துவிடுவார்கள். என் வேலை அவ்வளவு சுத்தம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு ரயில்வே கூட்ஸ் ஆபீசில் வேலை. அங்கிருந்தும் ட்ரங்க் கால் பதிவார்கள். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர், ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"ஒங்க ஆபீஸ்ல புச்சா ஒரு பொண்ணு கீதே, அது பேசினா லைன் கெடைக்கலன்னா கூட கோவம் வர்ல."

"நான் பேசினா?"

"நீ பேசினா லைன் கெடைச்சிடும்" என்றார். நல்லதாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். மோர்ச் சட்டியை அவர் முன்னால் நங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனேன். அன்றிலிருந்து அவர் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிடுகிற நேரம் பார்த்து, எந்த விளக்கு எரிந்தாலும் அவளுக்கு முன்னால் நான் பாய்ந்து ஒயரைச் சொருகுவேன்.

இப்படி எரிந்துகொண்டிருந்த சமயத்தில்தான் மெட்ராசிலிருந்து அந்த இன்ஜினியர் வந்தார்.

நாங்கள் எல்லோரும் வேலையாக இருந்தால், கூப்பிடுகிறவர் காதில் விட்டு விட்டு ஒரு சத்தம் வரும். டொய்ங், டொய்ங் என்று. பிஸி என்று அர்த்தம். அர்த்தம் எங்களுக்குத் தெரியும், ஜனங்களுக்குத் தெரிய வேண்டுமே! அங்கே மணி அடிக்கிறது, எடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று பாதிப் பேர் எங்கள் மேல் கோபித்துக்கொண்டார்கள். மீதிப் பேர் போன் ரிப்பேர் என்று தட்டிப் பார்த்தார்கள். கற்சிலைக்காரர், உப்புக் காற்று உள்ளே புகுந்துவிட்டது, அதனால்தான் போன் இப்படி முனகுகிறது என்று ரிசீவரை ஒயர் எட்டுகிற தூரத்துக்கு இழுத்து வெயிலில் காய வைத்தார். காய்ந்த பிறகு லைன் கிடைத்ததாம். அதற்குப் பிறகு அவரை மாற்றவே முடியவில்லை.

இன்ஜினியர் இளவயது. பேசும்போது கண் மூக்கு எல்லாம் சேர்ந்து பேசும். "சத்தம் போட்டா ஜனங்களுக்குப் புரியாது மேடம். மெஷின் வாய் திறந்து பேசணும்" என்றார். ஒரு டேப் மெஷினை அவரே கோத்துக் கொண்டுவந்திருந்தார். டேப்பின் தலையையும் வாலையும் ஒட்டி வளையமாக்கியிருந்தது. அது சுற்றிக்கொண்டே இருக்கும். பிஸி என்றால் இனி டொய்ங் கிடையாது, ஒரு பெண் குரல் விஷயத்தைச் சொல்லும். செங்கல்பட்டில் நன்றாக ஓடினால் மற்ற ஊர்களிலும் வைப்பார்களாம். யாருடைய குரல் என்பதுதான் பாக்கி.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இது என்னுடையது என்று முடிவே செய்துவிட்டேன். இந்த வட்டாரத்தில் போன் எடுக்கிற ஒவ்வொருவர் காதிலும் என் தமிழ். என் வீட்டுக்காரர் காதிலும். நான் ரிட்டயர் ஆன பிறகும் பேசிக்கொண்டிருக்கும். அந்த வாரம் முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் தொடவில்லை. சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்துக் குடித்தேன்.

வாசகத்தை எழுதிக் கொடுத்தார்கள்: "எல்லா வழிகளும் இப்போது நிரம்பியுள்ளன. ரிசீவரை வைத்துவிட்டு, சற்று நேரம் கழித்து மீண்டும் சுழற்றவும்." நான் முதலில் படித்தேன். ஒரே தடவை. திருத்தம் இல்லை. இன்ஜினியர், "பிரமாதம் மேடம்" என்றார். அடுத்தது அவள். தயங்கித் தயங்கிப் படித்தாள். கடைசியில் பழக்க தோஷத்தில், "மீண்டும் சுழற்றவும், சரிங்களா?" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும், இருக்கட்டும்!" என்று இன்ஜினியர் துள்ளி எழுந்தார். "இதுதான் வேணும். மெஷின்னே தெரியாது!"

"எழுதிக் கொடுத்ததுல அது இல்லியே சார்" என்றேன். என் குரல் எனக்கே புளித்தது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது, என் மூஞ்சியில் எல்லாம் எழுதி ஒட்டியிருக்கிறது என்று.

அவள் குரல் மெஷினுக்குள் போனது. எனக்கு என்ன கஷ்டம் என்றால், அவளாவது சாயங்காலம் பஸ் ஏறிக் குப்பத்துக்குப் போய்விடுவாள். மெஷின் போகாது. அவள் இல்லாத ஷிப்டிலும் பக்கத்து அறையில் அது அவளாகப் பேசிக்கொண்டே இருந்தது. சரிங்களா, சரிங்களா, சரிங்களா. மனுஷி மேல் பொறாமை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். மெஷின் மேல் வந்தால் எதைத் திருப்புவது? வீட்டில் அவர் வேறு, "இப்ப லைன் கெடைக்கலன்னாலும் ஜாலியா கீது" என்றார். அன்றைக்குக் குழம்பில் உப்பு தூக்கல். வேண்டுமென்று போடவில்லை, ஆனால் குறைக்கவும் இல்லை.

ஆனால் கொஞ்ச நாளில் ஒரு விபரீதம் நடக்க ஆரம்பித்தது. நாங்கள் எல்லோரும் சும்மா ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பலகையில் ஒரு விளக்கும் எரியவில்லை. ஆனால் வெளியே இருந்து ஜனங்கள் நேரில் வந்து சண்டை போட்டார்கள். எப்போது சுழற்றினாலும் சத்தமே இல்லை, போன் செத்துக் கிடக்கிறது என்று. உப்பு ஏஜெண்ட் கேளம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்தே வந்துவிட்டார்.

இன்ஜினியர் மெஷின் இருந்த அறையில் போய்ப் பார்த்தார். எங்களுக்கு வருகிற லைன்கள் கொஞ்சம்தான். அத்தனையும் மெஷினிடம் மாட்டிக்கொண்டு நின்றன. மெஷினிடம் போன லைன், கூப்பிட்டவர் ரிசீவரை வைத்தால்தான் விடுபடும். ஒருவரும் வைக்கவில்லை. வைத்துவிடுங்கள் என்று சொல்வதற்காகவே வைத்த மெஷின், அதைக் கேட்டவர்கள் ஒருவரும் வைக்கவில்லை!

என்ன நடக்கிறது என்று பார்க்க இன்ஜினியர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார். எனக்கும் இன்னொன்றைக் கொடுத்தார். கேட்டோம்.

"...மீண்டும் சுழற்றவும், சரிங்களா?"

"சரிம்மா. அர்ஜெண்ட்டு இல்ல. பொறுமையாப் பண்றேன். வெச்சிடட்டுமா?"

"எல்லா வழிகளும் இப்போது..."

"ஆங், சொல்லிட்டியேம்மா. வெச்சிடட்டுமா?"

மீன் கமிஷன்காரர் அது. ஐஸ் உருகிக்கொண்டிருக்கும், லாரி நின்றுகொண்டிருக்கும். அவள் சரி என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். பேசுகிறவளைப் பாதியில் விட்டு எப்படி வைப்பது? அடுத்த லைனில் நெல் மண்டிக்காரர், "இன்னாம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா? சொன்னதையே சொல்றே" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை. என் உயிருள்ள குரலிடம் ஒரு தடவையாவது இப்படி யாராவது உடம்பைப் பற்றிக் கேட்டிருப்பார்களா?

இன்ஜினியர் கத்தரிக்கோலை எடுத்து டேப்பில் அந்தச் 'சரிங்களா'வை வெட்டிவிட்டு ஒட்டினார். ஒன்றும் மாறவில்லை. அவள் கேட்காவிட்டாலும் இவர்கள் பதில் சொன்னார்கள்.

இரண்டு மூன்று நாட்கள் அவர் எங்கள் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருத்தி லைனிலும் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் காலையில் என்னிடம் வந்தார்.

"மேடம், உங்க குரல்தான் வேணும்."

கொஞ்சம் பிகு செய்தேன். "அன்னிக்கே படிச்சிக் குடுத்தேனே சார்" என்றேன். அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சந்தோஷமாக, "அக்காதான் சார் கரெக்ட்டு" என்றாள். அந்தச் சந்தோஷத்தைக் கூட என்னால் பொறுக்க முடியவில்லை. கொஞ்சமாவது அவள் முகம் சுருங்கியிருக்கலாம்.

மறுநாள் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். டேப்புக்குப் புடவை தெரியாது என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் கட்டினேன். அதே வாசகம், ஒரே தடவை, திருத்தம் இல்லை. ஹெட்செட்டில் கேட்டேன். கண்ணாடித் துண்டு மாதிரி இருந்தது ஒவ்வொரு வார்த்தையும். மெஷினை ஓடவிட்டார்கள். கூப்பிடுகிறவர்களின் விளக்குகள் மெஷின் பலகையில் எரிந்தன. எரிந்த வேகத்தில் அணைந்தன. "எல்லா வழிகளும்" என்று நான் ஆரம்பிப்பேன், டக். "எல்லா வ", டக். ஒருவர் கூட "இப்போது" வரைக்கும் வரவில்லை. லைன்கள் எல்லாம் விடுபட்டுக் காலியாகிவிட்டன.

இன்ஜினியருக்கு ஒரே குஷி. "நான் கேட்டுப் பார்த்தேன் மேடம். எல்லார்கிட்டயும் ஜனங்க ரெண்டு வார்த்தையாவது கூடப் பேசறாங்க. உங்ககிட்ட மட்டும்தான் உடனே வெச்சிடறாங்க. இங்க அதுதான் தேவை. எப்படி மேடம் பேசறீங்க அப்படி?"

அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மனுஷனுக்குக் கபடம் கிடையாது. நான் பட்டுப் புடவையில் நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அந்த மெஷின் மிக நன்றாக ஓடியது. பாராட்டும் வந்தது. இவ்வளவு ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது, இதற்கு மேல் அழுதால் ஊர் சிரிக்கும். வீட்டில் மட்டும் தாங்க முடியாமல் கேட்டேன்.

"இன்னிக்கு லைன் போட்டீங்களா? மெஷின்ல யாரு பேசினாங்க, கண்டுபுடிச்சீங்களா?"

"நீதான்."

"எப்டி இருந்துச்சி?"

"எங்க கேட்டேன்? ஒன் கொரல் வந்துச்சி, வெச்சிட்டேன்" என்றார். பிறகு நான் முறைப்பதைப் பார்த்து, "வூட்ல கேட்டுகினுதானே கீறேன்" என்று சமாதானம் வேறு.

சில மாதங்களில் அவளுக்கு மகாபலிபுரம் தபாலாபீசில் இருந்த போன் வேலைக்கே மாற்றல் கிடைத்தது, வீட்டுக்குப் பக்கத்தில். போகிற நாளில் எல்லோருக்கும் பொரித்த வஞ்சிரம் கொண்டுவந்தாள். அடுத்த வாரம் முழுக்க, "அந்தம்மா எங்க?" என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டது. இப்போது நிஜமாகவே அவள் இல்லை, ஒருவரும் நம்பவில்லை.

ஒரு மத்தியானம் மெஷின் பலகையைப் பார்த்தபோது ஒரு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. எரிந்த வேகத்தில் அணைவதுதானே என் குரலின் சிறப்பு? ஒயர் எங்கோ ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். ஹெட்செட்டை மாட்டி அந்த லைனுக்குள் நுழைந்தேன். என் குரல் ஓடிக்கொண்டிருந்தது. முழுசாக. சுழற்றவும் என்று முடிந்து, மறுபடி எல்லா வழிகளும் என்று ஆரம்பித்தது. பின்னால் யாரோ மூச்சு விடுகிற சத்தம். வேறெங்கோ ஒரு சைக்கிள் மணி.

"யாருங்க லைன்ல? வெச்சிட்டு அப்பறம் போடுங்க" என்றேன், வழக்கமான குரலில்.

"அக்கா! நாந்தான்."

"நீயா? எவ்ளோ நேரமா நிக்கறே?"

"மெட்ராஸ் கால் ஒண்ணு போடலாம்னு கூப்டேன். நீ வந்தியா, கேட்டுகினு கீறேன்."

"அது டேப்புடி. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா நீ பேசிகினு கீறே, எப்டிக்கா வெக்கறது?"

அத்தனை ஊரும், கட்டிய புருஷனும், ஒரு வார்த்தை முடிவதற்குள் வைத்துவிட்ட குரல். கடைசிவரை நின்று கேட்க ஒரு ஆள் கிடைத்தாள், அதுவும் இவள்தானா? இந்தக் குணமும் இவளிடமேதான் இருக்க வேண்டுமா? வயிறு பழையபடி பற்றிக்கொண்டது. கூடவே கண்ணும் கரித்தது.

"சரி, நீ வேலயா இருப்பே" என்றாள் அந்தத் தூங்குகிற குழந்தைக் குரலில். "வெச்சிடட்டுமாக்கா?"

ஆபரேட்டர் நாற்காலியில் நான் உட்கார்ந்த இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒருவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் காத்திருந்தாள். சரி என்று சொன்னால் வைத்துவிடுவாள். நான் சொல்லவில்லை. பிஸி லைன்தான், அந்தப் பக்கம் மண்டிக்காரரும் உப்பு ஏஜெண்டும் சுழற்றிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். சுழற்றட்டும்.